பின் சீட்டில் தூங்கியவன்

ஏற்காடு,
7.12.2025, ஞாயிறு.

அன்புள்ள அண்ணன் சக்திவேலுக்கு,

தங்கை மோனிஷா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பிக்க எனக்கும் தெரியும். அம்மாவுக்குச் சுகம் இல்லை, அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை, நீ ஜெயிலில் இருக்கிறாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் ஒரு வக்கீல் அம்மா. எஸ்டேட் வைத்த வக்கீல் இல்லை. வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகத் தருகிற வக்கீல். நெட்டில் நம்பரைத் தேடி எடுத்து நானே பேசினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது, இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் அரைகுறை. அப்படியும் ஒரு மணி நேரம் பேசினோம். 15ஆம் தேதி ஜெயிலுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன் என்றார். அவர் முன்னால் வைத்தே படித்துவிடு.

நீதான் வாரம் ஒரு முறை போன் பண்ணுகிறாயே, எதற்குக் கடிதம் என்று நினைக்கலாம். நீ அங்கே எழுதிக் கொடுத்திருப்பது நான் வேலை பார்க்கிற எஸ்டேட் ஆபீஸ் நம்பர். அந்த ஐந்து நிமிஷமும் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஆண்டனி ராஜ் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். நல்லா இருக்கேன், சோறு பரவால்ல என்று நீ சொல்வதும், சரிண்ணா சரிண்ணா என்று நான் சொல்வதும் அவர் காதுக்காகத்தான். உண்மையில் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

பழம் பறிப்பு பாதி முடிந்திருக்கிறது. மழை விட்டு விட்டுப் பெய்ததில் காப்பிப் பழம் சீராகப் பழுக்கவில்லை, அம்மா ஒரே செடிக்கு மூன்று தடவை போய் வருகிறாள். வலது தோளைத் தூக்க முடியவில்லை என்கிறாள். தைலம் தேய்த்துவிடுகிறேன். சனி ஞாயிறுகளில் சேலத்திலிருந்து வரும் கார்கள் ஏரியைச் சுற்றி நகர முடியாமல் நிற்கின்றன. நீ ஓட்டின எஸ்டேட் ஜீப்பை இப்போது வாழவந்தி ஊர்க்காரர் ஒருவர் ஓட்டுகிறார். கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தே இறங்குகிறார் என்று அப்பா தினமும் அவரைத் திட்டுகிறார். உன்னைப் பற்றி அவர் பேசுவது அவ்வளவுதான்.

ஹரிஹரனைப் பற்றி எழுத வேண்டும். சின்ன முதலாளி என்று நான் எழுதப்போவதில்லை. படிக்கும்போது நீயும் மனதுக்குள் அப்படி மாற்றிக்கொள்ளாதே. நாக்பூர் தாண்டி விபத்து நடந்த மூன்றாம் நாளே நாக்பூருக்குத் திரும்பி விமானம் ஏறி வந்துவிட்டான். மறுநாள் நம் லைன் வீட்டுக்கு வந்தான். இருபத்தாறு வயதில் முதல் முறையாக நம் வாசலை மிதிக்கிறான். நிலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதான். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பேச்சு வந்த நாளிலிருந்து அம்மாவை மருதாயி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டவன், அன்றைக்கு அம்மா என்றான். "சக்தி எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரிங்கம்மா, எப்படியும் வெளிய கொண்டாந்துடுவோம்" என்றான். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள். "அழுவாதீங்க சாமி, உங்களுக்கு ஒண்ணும் ஆவாம வந்து சேந்தீங்களே, அதே போதுமுங்க" என்றாள். காபி போட்டுக் கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். மகனை ஜெயிலில் விட்டுவிட்டு வந்தவனிடம் சர்க்கரை போதுமா என்று கேட்கிறாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பயணம் எப்படிப் போனது என்று எனக்கும் உனக்கும் தெரியும், வக்கீல் அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒரே கார், ஒரே ஆள் என்று அவன் வீடியோ போட்டான். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். தனியாகப் போகிற தைரியம் யாருக்கு வரும் என்று கீழே எழுதினார்கள். இருட்டினதுக்கு அப்புறமும், லாரிக் கூட்டத்திலும், மழையிலும் நீ ஓட்டினாய். விடிந்து அவன் முகம் கழுவிக் காமிராவை வைத்ததும் நீ பின் சீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும். காரை வெளியிலிருந்து படம் பிடிக்கும்போது இறங்கிப் போய் எங்காவது மறைந்து நிற்க வேண்டும். இதை ஓசூரிலிருந்து போன் பண்ணியபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். "வெளியூரு பாக்கறேன், சோறு அவுங்க சோறு, மரத்துக்குப் பின்னால நிக்கறதுல என்ன பாப்பா கஷ்டம்" என்றாய். நானும் சிரித்தேன்.

அம்மாவும் நானும் அந்த வீடியோக்களைத் தினமும் பார்த்தோம். அவனைப் பார்க்க இல்லை, உன்னைத் தேடி. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைக் கண்ணாடியில் உன் நீலச் சட்டை தெரிந்தது. ஐதராபாத் தாண்டி ஒரு பாலத்தின் மேல் அவன் மட்டும் நிற்கிறான், தரையில் இரண்டு நிழல் விழுந்திருக்கிறது. அம்மா விரலை வைத்து, "இதா நம்ம சக்தி, தோளு சாஞ்சு நிக்கறான் பாரு" என்றாள். ஒரு நாள் வீடியோவில் நீ எங்குமே இல்லை. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நவம்பர் 14ஆம் தேதி காலை ஆறரைக்கு அவன் ஒரு ஸ்டோரி போட்டான். ஒரு நாள் இருந்துவிட்டுத் தானே மறைந்துபோகுமே, அந்தச் சின்ன வீடியோ. ஸ்டியரிங்கில் அவன் கை, எதிரே சூரியன், ஊர்ப் பெயர் போட்ட பச்சைப் பலகை. காமிராவை மீட்டர் பக்கம் திருப்பிக் காட்டினான், நூற்றி இருபத்தெட்டு. திருப்பும்போது மேலே இருக்கிற கண்ணாடியில் ஒரே ஒரு நொடி பின் சீட்டு தெரிகிறது. சிவப்புக் கரைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து நீ தூங்குகிறாய். விடியும் வரை ஓட்டிய தூக்கம். நான் அதை என் போனில் அப்படியே பதிவு பண்ணி வைத்தேன். நீ திரும்பி வந்ததும் காட்டிக் கேலி பண்ணத்தான். எட்டு மணிக்குப் பார்த்தபோது அவன் அதை அழித்திருந்தான்.

போன வாரம் வக்கீல் அம்மா எப்.ஐ.ஆர். நகலை அனுப்பினார். அதில் விபத்து நேரம் ஆறு ஐம்பது. வண்டியை ஓட்டியவன் சக்திவேல், தகப்பனார் பெயர் அம்மாசி. ஆறரைக்குத் தூங்கிக்கொண்டிருந்த உன்னை எழுப்பி, வண்டியை உன்னிடம் கொடுத்துவிட்டு, சூரியன் நன்றாக வந்து படம் பிடிக்கத் தோதான அந்த நேரத்தில் அவன் போய்ப் பின்னால் படுத்துக்கொண்டானாம். நம்ப வேண்டுமாம். ஐந்து நாளாக அந்த வண்டியில் டிரைவர் என்று ஒரு ஆளே கிடையாது. ரோட்டில் ஒரு மனிதன் விழுந்ததும் டிரைவர் வந்துவிட்டான்.

இதற்கு மேல் எழுதுவதை எழுத முடியாமல்தான் மூன்று நாளாக ஒரு வரியும் எழுதாமல் வெறும் தாளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸில் என் மேஜைக்குப் பின்னால் ஒரு பச்சை பைல் இருக்கிறது. மன்னிப்புக் கடித பைல். எஸ்டேட்டில் எது நடந்தாலும் ரைட்டர் எழுதுவார், நாம் கையெழுத்துப் போடுவோம், முடிந்துவிடும். அப்பாவுடையது மட்டும் பதினான்கு இருக்கிறது. நாற்றுப் பண்ணைக்குள் காட்டெருமை புகுந்து மிதித்ததற்கு அப்பா மன்னிப்புக் கேட்டிருக்கிறார். வெள்ளக்கடை ஊரில் பெரியம்மா செத்தபோது சொல்லாமல் போனதற்கு அம்மா கைநாட்டு வைத்திருக்கிறாள். உன்னுடையதும் ஒன்று இருக்கிறது. பதினோராவது வளைவில் நீ ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாய், இறங்கி வந்த டூரிஸ்ட் கார் வந்து இடித்தது. மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், தப்பு அவர்களுடையது. ஆனாலும் நீ எழுதிக் கொடுத்தாய். இனிமேல் இவ்வாறு நடவாது என உறுதி கூறுகிறேன். மறுநாள் காலை ஜீப் சாவியை எப்போதும் போலத் தூக்கிப் போட்டார்கள். நீயும் எப்போதும் போல ஓட்டினாய். இப்படித்தான் நாம் பழகியிருக்கிறோம். கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. யார் தப்பு என்பது கேள்வியே இல்லை.

விபத்து நடந்த அன்றைக்குப் பத்து மணிக்கு நீ ஆபீஸுக்குப் போன் பண்ணினாய். "பாப்பா, ஒருத்தருக்கு அடி பட்டுப் போச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. ஸ்டேஷன்ல ஹிந்தியில என்னமோ எழுதிக் கையெழுத்துக் கேக்கறாங்க. சின்ன மொதலாளி, சும்மா நம்ம எஸ்டேட்டு மன்னிப்புக் கடுதாசி மாதிரிதான்ங்கறாரு. போடட்டுமா" என்றாய். ரைட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது, வண்டியை யார் ஓட்டினது என்று கேட்கவில்லை. மூன்றரை மணி நேரத்துக்கு முன்னால் நீ தூங்குவதை இந்தக் கண்ணாலேயே பார்த்துச் சிரித்தவள், அதைக் கேட்கவில்லை. "போட்டுக் குடுத்துட்டு மொதல்ல வெளிய வாண்ணா" என்றேன்.

நீ வெளியே வரவில்லை. மத்தியானம் அந்த மனிதர் இறந்துபோனார்.

பி.காம். படித்தவள், ஆபீஸில் உட்கார்ந்து அந்தப் பச்சை பைலைப் பார்த்து மனதுக்குள் எல்லோரையும் திட்டுகிறவள். எனக்கே கையெழுத்துக்கு மேல் வேறு வழி தெரியவில்லை. அப்பாவைத் திட்ட எனக்கு இனி வாய் இல்லை.

நேற்று பங்களாவுக்குப் போனேன். ஹரிஹரன் தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தான். போனில் இருந்ததைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தான். இதை ஏன் ரெக்கார்டு பண்ணினாய் என்று கேட்டான். "டெலீட் பண்ணிடு மோனிஷா. எங்கப்பாவுக்கு ஏற்கனவே அட்டாக் வந்த உடம்பு. சக்தியைப் பாத்துக்க நாங்க இருக்கோம். எனக்கு யார் இருக்கா சொல்லு" என்றான். அப்போது சமையல்காரர் அவனுக்கு ஆரஞ்சு உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

8.12.2025, திங்கள், சாயங்காலம்.

நேற்று அதோடு நிறுத்திவிட்டுப் படுத்தேன். இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் போனதும் ரைட்டர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். அனுமதி இல்லாமல் பங்களாவுக்குள் நுழைந்து சின்ன முதலாளியை மிரட்டியதற்கு வருந்துகிறேன், இனிமேல் இவ்வாறு நடவாது. டைப் அடித்ததில் இரண்டு பிழை இருந்தது. பாவம், எப்போதும் நான்தான் அடித்துக் கொடுப்பேன். "ஏன் கண்ணு, ஒரு கையெழுத்துத்தான. போட்டயின்னா மத்தியானத்துக்குள்ள எல்லாரும் மறந்துருவாங்க. உங்கொப்பன் போடாததா" என்றார். போட மாட்டேனுங்க என்றேன். அப்ப நாளைக்கு எப்படி வேலைக்கு வருவே என்றார். தெரியலீங்க என்றேன். கெட்ட மனிதர் இல்லை அவர், உனக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் குடும்பத்தில் முதல் முறையாக ஒருவர் கையெழுத்துப் போடாமல் வந்திருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது. சாயங்காலம் வரைக்கும் இருந்தது. ஐந்து மணிக்கு அப்பா வேலை முடிந்து நேராக ஆபீஸுக்குப் போய், அதே தாளில், மகளுக்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வந்து துண்டை உதறினார். "முடிஞ்சுது. நாளைக்கு வேலைக்குப் போ" என்றார்.

எனக்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்று கத்தினேன். "உனக்காக யாரு கேட்டா? ஊட்டுக்காகக் கேட்டேன்" என்றார். வரும் ஆடியில் அப்பாவுக்கு வேலை முடிகிறது. அதோடு லைன் வீட்டை விட வேண்டும். மலைக்குக் கீழே இருந்து வந்து காடு வெட்டிக் காப்பி நட்ட குடும்பம், நாலு தலைமுறை ஆகியும் இந்த மலையில் ஒரு குழி மண் நம் பெயரில் கிடையாது. உயிரோடு இருக்கிற வரைக்கும் இருந்துக்கோ என்று பெரிய முதலாளி வாயால் சொல்லியிருக்கிறார். அந்த வாய் வார்த்தை மேல்தான் அப்பா படுத்துத் தூங்குகிறார். நீ கோர்ட்டில் மாற்றிப் பேசினால் அது போய்விடும் என்று அவருக்குத் தெரியும். போய்விடும் அண்ணா. போகாது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நாளை ஆபீஸுக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் சேலம் இறங்கி, அங்கிருந்து இதை வக்கீல் அம்மாவுக்கு அனுப்புகிறேன். இங்கே தபாலில் போட்டால் போடுவதற்குள் ஆறு பேர் கேட்பார்கள்.

மத்தியானம் டாக்ஸி ஸ்டேண்டில் கிங்ஸ்டன் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். உன்னோடு ஒன்றாக லைசென்ஸ் எடுத்தவராயிற்றே என்றுதான் போனேன். அந்த வீடியோவை ஒரு பென் டிரைவில் ஏற்றித் தந்து, தன் போனிலும் ஒரு காப்பி வைத்துக்கொண்டார். கடிதத்தோடு அதையும் அனுப்புகிறேன். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு ஒரு விஷயம் சொன்னார். பொங்கல் கழித்து ஹரிஹரன் மறுபடியும் புறப்படுகிறானாம், விட்ட இடத்திலிருந்து. டிரைவராக இவரைக் கூப்பிட்டிருக்கிறானாம். போறீங்களாண்ணா என்றேன். "ஸ்டேண்டுல ஈ ஓட்டறதுக்கு அது தேவல புள்ள" என்றார். "ஆனா ஒண்ணு, நான் பின் சீட்டுல தூங்க மாட்டேன். குத்தவெச்சு உக்காந்துட்டே வருவேன்" என்று சிரிக்க வேறு செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைத் திட்டவும் முடியவில்லை.

இனி முக்கியமானது. இதை இரண்டு தடவை படி.

நீ போலீஸ் ஸ்டேஷனில் போட்ட கையெழுத்தோடு ஒன்றும் முடியவில்லை. போலீஸிடம் எழுதிக் கொடுத்ததை மட்டும் வைத்துக் கோர்ட்டில் உன்னைத் தண்டிக்க முடியாது என்று வக்கீல் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். 19ஆம் தேதி உன்னை நிறுத்தி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்பார். அப்போது நீ சொல்வதுதான் கணக்கு. எஸ்டேட் வக்கீல் உன்னிடம், ஒத்துக்கோ, சின்னத் தண்டனையோடு போய்விடும் என்று சொல்லியிருப்பார். ஐந்து வருஷம் வரைக்கும் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்க மாட்டார். லைசென்ஸ் போய்விடும் என்பதையும் சொல்லியிருக்க மாட்டார். ஜாமீன் என்றைக்கோ கிடைத்துவிட்டது, உள்ளூர் ஆள் ஒருவர் உனக்காகப் பொறுப்பேற்று நிற்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி என்பதாவது உனக்குத் தெரியுமா? அந்த ஒரு ஆளை எஸ்டேட்காரர்கள் மூன்று வாரமாகத் தேடுகிறார்களாம்.

எழுதிக் குடுத்தாச்சு பாப்பா, இனி பேச்சு மாறுனா அசிங்கம் என்று போன தடவை போனில் சொன்னாய். யாருக்கு அசிங்கம்?

இறந்தவர் பெயர் தன்சிங். நாற்பத்தொரு வயது, மூன்று பெண் குழந்தைகள். காட்டிலிருந்து விறகு கட்டி எடுத்து வந்து சைக்கிளில் டீக்கடைகளுக்குப் போடுகிறவர். அந்த ஊர்ப் பேப்பரில் வந்த படத்தை வக்கீல் அம்மா அனுப்பினார். ரோடு முழுக்க விறகு சிதறிக் கிடக்கிறது. அம்மா தலையில் தூக்கி வருகிற மாதிரிதான், கை பருமன் விறகு. அவரை வேனில் ஏற்றுகிறார்கள், தலையில் உன் சிவப்புக் கரைத் துண்டு கட்டியிருக்கிறது. வேறு யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். நீதான் கட்டினாய்.

அவர் மனைவி 19ஆம் தேதி கோர்ட்டுக்கு வருவாராம். உன் முகத்தைத்தான் பார்ப்பார். நீ தலையை ஆட்டிவிட்டால், சாகிற வரைக்கும் அந்த முகத்தைத்தான் சபித்துக்கொண்டிருப்பார். நீ உனக்கு மட்டும் பொய் சொல்லிக்கொள்ளவில்லை, அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்கிறாய். புருஷனைக் கொன்றவன் யார் என்றாவது அவருக்குத் தெரிய வேண்டாமா? நம்மைப் போல அவர்களையும் யாரோ ஒருவர் உட்கார வைத்து, இந்தத் தாளில் கைநாட்டு வை, எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. என்ன எழுதட்டும் என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன், இதில் நான் கை வைக்கக் கூடாது. "பெரியவங்க பாத்துக்குவாங்க சாமி, நீ எதுத்துப் பேசாத. நேரத்துக்குத் தின்னு. உன்னை நெனச்சா அம்மாவுக்கு நொம்ப வேதனையா இருக்குது. ஆனா யாரையும் பகைச்சுக்காத" என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அவள் சொல்வதைக் கேட்பதா, நான் சொல்வதைக் கேட்பதா என்று நீதான் முடிவு பண்ண வேண்டும். வீட்டை விட்டு இறங்கச் சொன்னால் நாங்கள் இறங்குவோம். நான் சேலத்தில் எங்காவது வேலை தேடிக்கொள்வேன். அம்மா அழுவாள், அப்பா என் முகத்தில் விழிக்க மாட்டார். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சொல்ல வேண்டியது இரண்டே வரி. வக்கீல் அம்மாவிடம் கேட்டு, தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.

காடி மை நஹீ சலா ரஹா தா. மை பீச்சே சோ ரஹா தா.

வண்டியை நான் ஓட்டவில்லை, நான் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று வக்கீல் அம்மா கோர்ட்டில் கேட்டிருக்கிறார், வருவார்களா என்று தெரியாதாம். வராவிட்டாலும் இதைச் சொல்லிவிடு. நீதிபதி கோபமாகக் கேட்டால் பயந்து கையைக் கட்டிக்கொள்ளாதே. நீ தலையாட்டுவதை ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவார்கள். தினமும் பத்துத் தடவை சொல்லிப் பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்த ஊரில் டிசம்பரில் குளிர் நம் ஊரை விட அதிகம் என்கிறார் வக்கீல் அம்மா. ஜெயிலில் ஒரு கம்பளிதான் கொடுப்பார்களாம், கேட்டால் இன்னொன்று தருவார்களாம். நீ கேட்டிருக்க மாட்டாய். அதற்கு ஹிந்தியில் கம்பல் என்று பெயர். ஏக் அவுர் கம்பல் என்று சொன்னால் போதும். வார்டரிடம் போய் நின்று, தலையைச் சொறியாமல், வாய் திறந்து சொல்.

முதலில் அந்தக் கம்பளியைக் கேட்டுப் பழகு அண்ணா.

உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்ன
தங்கை,
மோனிஷா.